ஐந்து நாள் விடுப்பு

யுனோமினேயில் குளிப்பதற்கு முன்னால் குளித்துவிட வேண்டும். விடுதிக் குளியலறையின் சுவரோரம் வரிசையாகச் சின்ன மணைகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு வாளி, கைக்குழாய், சோப்பு. உட்கார்ந்து தலைமுதல் கால்வரை தேய்த்து, நுரை துளியும் இல்லாமல் அலசிய பிறகுதான் வெந்நீர்த் தொட்டியில் இறங்கலாம். உடம்பில் நூல் கூடாது. கொடுத்த குட்டித் துண்டையும் தண்ணீரில் நனைக்கக் கூடாது. மடித்துத் தலைமேல் வைத்துக்கொள்கிறார்கள். அழுக்குப் போகவே ஆற்றில் இறங்கிப் பழகிய எனக்கு இது முதலில் வீம்பாகப் பட்டது. கழுத்துவரை அமிழ்ந்ததும் வாதம் அடங்கிவிட்டது. நாளெல்லாம் மலை ஏறி இறங்கிய முழங்கால் எதையும் ஒத்துக்கொள்ளும்.

ஜப்பானில் ஒசாகாவுக்குத் தெற்கே கி தீபகற்பம். அதன் மலைகளுக்குள் குமானோ யாத்திரைப் பாதை. அதில் ஹோங்கு கோயிலை நெருங்கும் இடத்தில், ஓர் ஓடையின் இரு கரையிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது இந்த ஊர். ஓடையோரம் 90 டிகிரிச் சூட்டில் ஓர் ஊற்று கொதிக்கிறது. கடையில் வலைப்பையோடு முட்டை வாங்கி அதில் தொங்கவிட்டுக் காத்திருக்கிறார்கள். பக்கத்தில் மருத்துவ புத்தரான யகுஷியின் கோயில். உள்ளே இருக்கும் உருவம், வெந்நீரின் உப்புப் படிந்து படிந்து தானாக உருவானதாம். ஹோங்குவில் இருப்பது ஷிண்டோ தெய்வம். ஆனால் அது அமிதாப புத்தரே என்று பல நூற்றாண்டுகளாகக் கும்பிட்டிருக்கிறார்கள். 12ஆம் நூற்றாண்டில் அரியணையைத் துறந்த பேரரசர் கோ-ஷிராகாவா 30 தடவைக்கு மேல் வந்து போயிருக்கிறார். குமானோவில் தீட்டு பார்ப்பதில்லை என்று பெயர். மாதவிலக்கு வந்ததால் தயங்கி நின்ற இஸுமி ஷிகிபு என்ற பெண் கவியை, பரவாயில்லை வா என்று தெய்வமே அழைத்ததாகக் கதை உண்டு.

ஓடைக்குள்ளேயே, பலகைக் குடிசை ஒன்றில் இருக்கிறது சுபோயு. வெந்நீர்ப் பாறைக்குழிதான், இரண்டு பேர் இறங்கினால் முட்டிக்கொள்ளும். யாத்திரைப் பாதைகளோடு சேர்த்து 2004இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய இடம். சீட்டு வாங்கி முறை வரும்வரை காத்திருந்தால் அரை மணி நேரம் உங்களுடையது. ஒகுரி ஹங்கன் உயிர்த்தெழுந்தது இந்தக் குழியில் என்பார்கள்.

நஞ்சு வைத்துக் கொல்லப்பட்ட வீரன் ஒகுரி. நம் யமன்தான் அங்கே என்மா. அவன் இவனைப் பூமிக்குத் திருப்பி அனுப்புகிறான். திரும்பி வருவது கண் தெரியாத, காது கேளாத, பேச்சில்லாத ஓர் எலும்புக்கூட்டு உடம்பு. புஜிசாவாவில் ஒரு துறவி அதை வண்டியில் ஏற்றி, கழுத்தில் பலகை கட்டிவிடுகிறார்: ஒரு தடவை இழுத்தால் ஆயிரம் துறவிகளுக்குப் படைத்த புண்ணியம், இரண்டு தடவை இழுத்தால் பத்தாயிரம். வழிப்போக்கர்கள் ஊர் ஊராக இழுக்கிறார்கள். கருணையைவிடக் கணக்குதான் பெரிது. இருக்கட்டும், வண்டி நகர்கிறதே.

ஆவோஹாகா என்ற ஊர்ச் சத்திரத்து வாசலில் வண்டி நின்றுவிடுகிறது. அங்கே வேலைக்காரியாக விலைபோயிருப்பவள் தெருதே, ஒகுரியின் மனைவி. விலைமகளாக மறுத்த குற்றத்துக்காகப் பதினாறு பேர் செய்யும் வேலையைத் தனியாகச் செய்கிறவள். செத்த கணவனுக்குப் புண்ணியம் சேரட்டும் என்று முதலாளியிடம் ஐந்து நாள் விடுப்பு வாங்கி, ஓட்சு என்ற ஊர்வரை வண்டியை இழுக்கிறாள். இழுப்பது அவனைத்தான் என்று அவளுக்குத் தெரியாது. கடைசி மலைகளில் துறவிகள் அவனை முதுகில் சுமக்கிறார்கள். சுபோயுவில் ஏழு நாளில் கண், பதினான்கில் காது, இருபத்தொன்றில் பேச்சு, நாற்பத்தொன்பதில் முழு உடம்பு.

அந்த எலும்புக்கூட்டில் தொழுநோயாளியைப் பார்ப்பவர்கள் உண்டு. அப்படிப்பட்டவர்கள் இந்த வெந்நீரை நம்பி உண்மையிலேயே வந்திருக்கிறார்கள். 1907இல் வந்த சட்டம், வீதியிலும் கோயில் வாசலிலும் அலைந்த அவர்களைப் பிடித்து அடைக்க வழி செய்தது. தனிமைப்படுத்தும் சட்டம் ஒழிய 1996 ஆயிற்று. மருந்து கிடைத்து எத்தனையோ காலம் கழித்து! தெய்வம் பார்க்காத தீட்டை அரசாங்கம் பார்த்தது.

ஊர்ச் சுவரொட்டி முழுக்கத் தண்ணீரின் மகிமைதான். ஒரு நாளில் ஏழு தடவை நிறம் மாறுமாம். என்னைக் கேட்டால் பாதிப் புகழாவது வண்டிக் கயிறு பிடித்த கைகளுக்குப் போக வேண்டும். முக்கியமாக அந்தச் சத்திரத்து வேலைக்காரிக்கு.

விடுதியில் இருந்தால் இந்த எண்ணம் வராமல் போகாது. நாம் சாப்பிடப் போகும் நேரத்தில் யாரோ வந்து மேசையை ஒதுக்கி, பாயின் மேல் மெத்தை விரித்து, போர்வை மடிப்பை நீவிவிட்டுப் போயிருப்பார்கள். நான் யுகாதா அங்கியை வலப்பக்கம் மேலாக வருமாறு கட்டியிருந்ததைப் பார்த்து, பணிப்பெண்மணி பதறி அவிழ்த்துக் கட்டச் சொன்னார். பிணத்துக்குத்தான் அப்படிக் கட்டுவார்களாம். அவருக்கு அறுபது தாண்டியிருக்கும். காலையில் வெந்நீர் ஊற்றுத் தண்ணீரிலேயே காய்ச்சிய அரிசிக் கஞ்சியும் உமேபோஷிப் புளிப்புக்காயும் வைத்தார். நம் வீட்டுக் கஞ்சியும் உப்பு நாரத்தங்காயும்போலத் தொண்டையில் இறங்கியது. எத்தனை மணிக்கு எழுந்தீர்கள் என்று அரைகுறை ஜப்பானியத்தில் கேட்டேன். நாலரை. விடுப்பு? இலையுதிர்காலம் முடிந்தால்தான் என்று சிரித்தார்.

கதையில் குணமான ஒகுரி பெரிய பிரபுவாக அந்தச் சத்திரத்துக்கு வருகிறான். மனைவியைப் படுத்திய முதலாளியைத் தண்டிக்கப் போகிறான். தெருதே தடுக்கிறாள். அந்த ஐந்து நாளைக் கொடுத்தவர் இவர்தான் என்கிறாள். தண்டனை போய் முதலாளிக்குப் பெரிய பதவியே கிடைக்கிறது. அவளைவிட நான் கறாரானவன். வெறும் ஐந்து நாளுக்கு இவ்வளவு கொடுத்திருக்க மாட்டேன்.