சாயங்காலம் என்ற சொல்

அக்காவுக்குத் தைராய்டு மிகைச்சுரப்பு கண்டு மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. அதன்பின் அவளுக்கு எது வந்தாலும் வீட்டில் ஒரே விடைதான். மெலிந்தாளா, தைராய்டு. மாடிப்படியின் நடுவில் உட்கார்ந்துவிட்டாளா, அதுவும் தைராய்டு. "சாயங்காலமானா கையத் தூக்க முடியலடா" என்பாள். மாத்திரையை ஒழுங்காகப் போடு என்பேன்.

மார்கழியில் அவளது இடக்கண் இமை சரியத் தொடங்கியது. பார்ப்பதெல்லாம் இரண்டாகத் தெரிகிறது என்றாள். தைராய்டு நோயில் கண்தசைகள் வீங்கி இரட்டைப்பார்வை வரும் என்று எங்கோ படித்திருந்தேன். அந்த அரைகுறை அறிவு என்னை மேலும் இரண்டு மாதம் சும்மா இருக்கவைத்தது. இரவு உணவின்போது அவள் மெல்லமுடியாமல் தாடையைக் கையால் தாங்கிக்கொண்ட பிறகுதான் நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன்.

அவர் கேட்ட முதற்கேள்வி: "காலையிலயும் இப்படித்தான் இருக்குமாம்மா?"

"காலைல நல்லாத்தான் இருக்கும் சார். சாயங்காலம் ஆக ஆகத்தான்..."

தைராய்டு கண்நோயில் இமை பெரும்பாலும் மேலே இழுபடுமே தவிரச் சரியாது என்று என்னிடம் விளக்கினார். அக்காவை மேலே பார்த்தபடி இருக்கச் சொன்னார். ஒரு நிமிடத்துக்குள் இமை இறங்கிவிட்டது. மூடிய கண்ணின்மேல் பனிக்கட்டிப் பொதியை இரண்டு நிமிடம் வைத்து எடுத்தார். இமை உயர்ந்திருந்தது!

மயஸ்தீனியா கிராவிஸ் என்றார். நரம்பின் ஏவலைத் தசைக்குக் கொண்டுசெல்வது அசிடைல்கோலின் என்ற வேதிப்பொருள். தசையில் அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளை உடலின் எதிர்ப்புப் புரதங்களே முடக்கிவிடுகின்றன. உழைக்க உழைக்கத் தசை சோர்கிறது, ஓய்ந்தால் மீள்கிறது. அக்காவின் தைராய்டைத் தூண்டிவிட்டதும் அத்தகைய ஒரு புரதம்தான். இரண்டும் ஒருவரிடமே சேர்ந்துவருவதுண்டு. இரத்தப் பரிசோதனை நோயை உறுதிசெய்தது. தைமஸ் சுரப்பியில் கட்டி இருக்கிறதா என்று மார்பை சி.டி. எடுத்தார்கள், இல்லை.

1934இல் இங்கிலாந்தில் மேரி வாக்கர் என்னும் மருத்துவர், இந்நோய் கியூராரே நஞ்சின் விளைவை ஒத்திருப்பதைக் கருதி, அந்நஞ்சுக்கு முறிவான ஃபைசோஸ்டிக்மினை ஒரு நோயாளிக்கு ஊசியாகச் செலுத்தினார். தளர்ச்சி சில மணிநேரம் விலகிநின்றது. அக்காவுக்குத் தந்த பைரிடோஸ்டிக்மின் மாத்திரையும் அவ்வழியே செயல்படுவதுதான்.

அன்றிரவு அவள் நிறுத்தாமல் மூன்று இட்லி சாப்பிட்டாள். ஒரு சொல்லையும் தாண்டிச் செல்லாமல் படிக்கவேண்டும் என்று வகுப்பில் ஆண்டுக்கணக்காகச் சொல்லிவருபவன் நான். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தவள் சொன்னாள்:

"சாயங்காலம் சாயங்காலம்னு எத்தன தடவடா சொன்னேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருக்கலாம்.