அப்பாவின் சாலை

என் அப்பா பேருந்து ஓட்டுநர். அதிகாலைப் பணி என்றால், நாங்கள் கண்விழிப்பதற்கு முன்பே வீட்டிலிருந்து கிளம்பிவிடுவார். பிற்பகல் பணி என்றால், நாங்கள் உறங்கிய பிறகுதான் திரும்புவார். ஒவ்வொரு நாளும் பல மணி நேரம் ஓட்டுநர் இருக்கையிலேயே கழிந்துவிடும். “நாள் முழுவதும் ஊரைச் சுற்றுகிறேன், ஆனால், நூறு அடிகூட நடப்பதில்லை,” என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

சென்ற ஆண்டு பலதுறை மருந்தகத்தில் இரத்தப் பரிசோதனை செய்துகொண்ட பிறகு அந்தச் சிரிப்பு மறைந்தது. அப்பாவின் இரத்தத்தில் சர்க்கரை அளவு நீரிழிவு நோயின் எல்லைக்கு அருகில் இருந்தது. “உணவில் கட்டுப்பாடும் தொடர்ந்த உடற்பயிற்சியும் இருந்தால், நோய் வராமல் தடுக்க வாய்ப்பு உண்டு,” என்றார் மருத்துவர். வீடு திரும்பும் வழியில் அப்பா எதுவும் பேசவில்லை. நீரிழிவு நோயால் என் தாத்தாவின் வலது பாதத்தை அகற்ற வேண்டியதாயிற்று. கடைசி நான்கு ஆண்டுகளை அவர் சக்கர நாற்காலியில்தான் கழித்தார். அப்பா எதைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தார் என்பது எங்கள் எல்லாருக்கும் புரிந்தது.

ஒரு வாரம் கழித்து, 5 கிலோமீட்டர் குடும்ப ஓட்டம் ஒன்றில் எங்கள் நால்வரின் பெயரையும் அம்மா பதிவுசெய்துவிட்டார்.

“நான் ஓடி இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன!” என்றார் அப்பா.

“நான் ஓடியதே இல்லை. நானே பயப்படவில்லை, உங்களுக்கு என்ன?” என்றார் அம்மா. ஒன்பது வயதுத் தம்பியோ அப்போதே வரவேற்பறையைச் சுற்றி ஓடத் தொடங்கிவிட்டான்.

எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால், என் மகிழ்ச்சிக்குக் காரணம் வேறு. நான் பள்ளியின் நெடுந்தொலைவு ஓட்டக் குழுவில் இருக்கிறேன். ஒவ்வோர் ஓட்டத்திற்குப் பிறகும் என் நேரத்தை ஒரு சிறிய குறிப்பேட்டில் எழுதி வைப்பேன். எங்கள் பயிற்றுநர் சி. குணாளனைப் பற்றி அடிக்கடி கூறுவார். 1968ஆம் ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக்கில் அவர் 100 மீட்டர் தூரத்தை 10.38 விநாடிகளில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனையை 33 ஆண்டுகள் எவராலும் முறியடிக்க முடியவில்லை. விநாடியின் நூறில் ஒரு பங்குக்குக்கூட மதிப்பு உண்டு என்பதை அந்தக் கதையிலிருந்து நான் கற்றுக்கொண்டேன். குடும்ப ஓட்டத்தில் 5 கிலோமீட்டரை 25 நிமிடத்திற்குள் ஓடி முடிக்க வேண்டும் என்பதே என் இலக்கு.

காலாங் ஆற்றோரப் பூங்கா இணைப்புப் பாதையில் பயிற்சி தொடங்கியது. முதல் வாரம் ஒரு நிமிடம் ஓடினோம்; இரண்டு நிமிடம் நடந்தோம். பிறகு, வாரத்திற்கு வாரம் ஓடும் நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டினோம். ஓடும்போது மூச்சு வாங்காமல் ஒரு வாக்கியம் பேச முடிந்தால் வேகம் சரியானது. பேச முடியாவிட்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும். இதை நான்தான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன். சொல்லிக் கொடுத்தேனே தவிர, அவர்களோடு ஓடப் பொறுமை இல்லை. சிறிது தூரம் முன்னால் ஓடுவேன். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அவர்கள் வந்து சேர்ந்ததும் மீண்டும் ஓடிவிடுவேன். அப்பா எதுவும் சொல்லவில்லை.

ஓட்ட நாள் வந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பணியை நண்பர் ஒருவரோடு மாற்றிக்கொண்டு அப்பா வந்திருந்தார். பொழுது புலர்வதற்கு முன்பே தேசிய விளையாட்டரங்கத்தின் அருகே மக்கள் கூடிவிட்டனர். நேரத்தைக் கணக்கிடும் சில்லு பொருத்திய எண் அட்டைகளை ஊக்குகளால் சட்டையில் குத்திக்கொண்டோம். மெர்டேக்கா பாலத்தைக் கடந்து, நிக்கல் நெடுஞ்சாலையில் சிறிது தூரம் ஓடி, அதே வழியில் திரும்பி வர வேண்டும். அப்பா பல ஆண்டுகளாகப் பேருந்து ஓட்டும் சாலை அது. ஓட்டத்திற்காக அன்று காலை அங்குப் போக்குவரத்தை நிறுத்தியிருந்தார்கள்.

“இன்று என் பேருந்துகூட வேறு வழியில்தான் போக வேண்டும்,” என்று அப்பா பெருமையாகச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, “நீ உன் வேகத்தில் போம்மா. நாங்கள் பின்னால் வருகிறோம்,” என்றார். அதற்காகவே காத்திருந்தவள்போல் நான் முன்வரிசைக்குச் சென்றேன்.

ஊதல் ஒலித்தது. முதல் கிலோமீட்டர் சரியாக ஐந்து நிமிடம். பாலத்தின் ஏற்றத்திலும் என் வேகம் குறையவில்லை. பாதித் தூரத்தில் திரும்பியபோது கடிகாரம் 12 நிமிடம் 20 விநாடி காட்டியது. இதே வேகத்தில் ஓடினால் 25 நிமிடத்திற்குள் நிச்சயம் முடித்துவிடலாம்.

மூன்றாவது கிலோமீட்டரைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தபோது, எதிர்த்தடத்தில் அவர்கள் வருவதைக் கண்டேன். அம்மாவின் முகம் சிவந்திருந்தது. தம்பி வாயைத் திறந்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். அவனுடைய கையைப் பிடித்தபடி அப்பா ஓடி வந்தார். அவருடைய கால்களைப் பார்த்தேன். நீளமான கால்கள் அவருக்கு. ஆனால், தம்பி எடுத்து வைக்கும் அளவுக்கே அவரும் சிறிய அடிகளாக எடுத்து வைத்தார்.

எனக்குப் பாலர்பள்ளி நாள்கள் நினைவுக்கு வந்தன. பிற்பகல் பணி இருக்கும் நாள்களில் அப்பாதான் என்னைப் பள்ளிக்கு அழைத்துச் செல்வார். நள்ளிரவுக்குப் பிறகு வீடு திரும்பி, சில மணி நேரமே உறங்கி எழுந்தவர் அவர். நான் வழியில் பூனையைப் பார்த்து நிற்பேன். நடைபாதைக் கற்களை எண்ணுவேன். ஒரு நாளும் அவர் என்னை விட்டுவிட்டு முன்னால் போனதில்லை. கையைப் பிடித்து இழுத்ததும் இல்லை.

என் கால்கள் நின்றுவிட்டன. தடுப்பில் இருந்த இடைவெளி வழியாக எதிர்த்தடத்திற்குச் சென்றேன். “பாப்பா, முடிவுக்கோடு அந்தப் பக்கம்!” என்று கை காட்டினார் தொண்டூழியர் ஒருவர். “தெரியும், நன்றி!” என்று சொல்லிவிட்டு அப்பாவின் பக்கத்தில் ஓடத் தொடங்கினேன்.

“ஏன் திரும்பி வந்தாய்? உன் நேரம் வீணாகிறதே!” என்று அப்பா பதறினார்.

“பேசாமல் ஓடுங்கள், அப்பா. இல்லை, பேசிக்கொண்டே ஓடுங்கள். பேச முடிந்தால்தான் வேகம் சரி,” என்றேன். அம்மா சிரித்துவிட்டார்.

மெதுவாக ஓடுவது எளிது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. என் கால்கள் என்னையும் அறியாமல் முந்தின. ஒவ்வொரு முறையும் அடியைச் சுருக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. மீண்டும் பாலத்தின் ஏற்றம் வந்தபோது தம்பி அழும் நிலையில் இருந்தான். “நான்தான் எல்லாரையும் தாமதப்படுத்துகிறேன்,” என்றான்.

அப்பா ஓட்டத்தை நடையாக மாற்றினார். “பேருந்தில் முன் இருக்கையில் இருப்பவரும் கடைசி இருக்கையில் இருப்பவரும் ஒரே நேரத்தில்தானே போய்ச் சேர்கிறார்கள்? நாம் நால்வரும் ஒரே பேருந்தில் இருக்கிறோம். யாரும் தாமதம் இல்லை,” என்றார். 

பாலத்தின் நடுவில், காலை வெயில் காலாங் நீர்ப்பரப்பின் மேல் விழுந்திருந்தது. அப்பா குனிந்து சாலையைப் பார்த்தார். “இந்தப் பாலத்தை எத்தனை ஆயிரம் முறை கடந்திருப்பேன்! என் கால் இதில் படுவது இன்றுதான்,” என்றார். அவர் தாத்தாவைத்தான் நினைக்கிறாரோ என்று எனக்குத் தோன்றியது. நான் அவருடைய இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டேன்.

இறக்கத்தில் நால்வரும் மீண்டும் ஓடினோம். முடிவுக்கோட்டை நாங்கள் தாண்டியபோது 47 நிமிடம் ஆகியிருந்தது. உண்மையில் நான் ஓடியது ஆறரைக் கிலோமீட்டர்! முதலில் வந்தவர்கள் பலர் அப்போது வீட்டிற்கே கிளம்பிக்கொண்டிருந்தனர். தம்பி மட்டும் ஒலிம்பிக்கில் வென்றவனைப்போல் இரு கைகளையும் உயர்த்தினான்.

மூன்று மாதங்களுக்குப் பிறகு நடந்த பரிசோதனையில் அப்பாவின் சர்க்கரை அளவு சற்றுக் குறைந்திருந்தது. “நல்ல தொடக்கம். ஆனால், இத்துடன் விட்டுவிடக்கூடாது,” என்று மருத்துவர் எச்சரித்தார். நாங்கள் விடவில்லை. அப்பாவுக்குப் பணி இல்லாத நாள்களில் ஆற்றோரப் பாதையில் இன்னும் ஓடுகிறோம். இப்போது நான் முன்னால் சென்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை.

என் குறிப்பேட்டில் அந்த ஞாயிற்றுக்கிழமையின் நேரத்தையும் எழுதி வைத்திருக்கிறேன். அதில் உள்ள நேரங்களிலேயே மிக மெதுவானது அதுதான். அதன் பக்கத்தில் எங்கள் நால்வரின் பெயர்களும் இருக்கின்றன.