ஒரு சோடி மாடும் ஒரு வேக மகிழுந்தும்

கரிசல் சீமையில் மாடு பிடிக்கப் புறப்படுகிறவரிடம் வீட்டுப் பெரியவர்கள் கேட்கும் முதற் கேள்வி, ‘உழவுக்கா, பந்தயத்துக்கா?’ என்பதாகும். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரங்களில் மாட்டுவண்டிப் பந்தயம் பார்த்தவர்கள் இக்கேள்வியின் பொருளை நன்கு உணர்வர். மாட்டின் அளவுக்கேற்பப் பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு எனப் பிரித்து ஓடவிடும் அப்பந்தயங்களுக்கு வளர்க்கப்படும் காளையை எவரும் ஏரில் பூட்டுவதில்லை. ஏர் இழுத்துப் பழகிய மாட்டைப் பந்தயக் கோட்டில் நிறுத்துவதும் இல்லை. இரண்டு சோடி கட்டித் தீனி போட வசதியுள்ளவர்க்குச் சிக்கல் இல்லை. தொழுவத்தில் ஒரே சோடிக்கு மட்டும் இடம் உள்ளவர் என் செய்வார்? உழவுக்கும் உதவ வேண்டும், ஊர் பார்க்க ஓடவும் வேண்டும் என்ற ஆசை அவர்க்கும் உண்டல்லவா?

இந்த ஆசைக்கு இயந்திர உலகம் கண்ட விடையே வேக ஹேட்ச்பேக் என்னும் சிறு மகிழுந்து. பின்கதவை மேலே தூக்கித் திறக்கும் சாதாரணக் குடும்ப வண்டியில் வலுவான எஞ்சினையும் இறுக்கமான சுருள்வில்லையும் பொருத்தி, காலையில் காய்கறி வாங்கவும் மாலையில் மனம் மகிழ ஓட்டவும் ஏற்றதாக ஆக்குவதே அதன் தத்துவம். 1961இல் இங்கிலாந்தில் ஜான் கூப்பர் என்பார் மினி என்னும் குட்டி வண்டியைத் திருத்தியமைத்தார். 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் அவ்வண்டி மான்டி கார்லோ பந்தயத்தில் வென்றது. 1975இல் ஜெர்மனியின் ஃபோக்ஸ்வேகன் நிறுவனம் கோல்ஃப் ஜி.டி.ஐ. வண்டியை ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் வைத்தது. 5,000 வண்டிகள் விற்றால் போதும் என்று தொடங்கிய அம்முயற்சியில், முதல் தலைமுறை மட்டுமே நான்கு இலட்சத்துக்கும் மேல் விற்றது. ஒரு சோடி மாட்டு வீடுகள் உலகெங்கும் எத்துணை உள்ளன என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

எங்கள் வீடும் அத்தகைய ஒரு சோடி மாட்டு வீடுதான். பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்த பழைய மகிழுந்து ஓய்வு கேட்டபோது, அடுத்த வண்டி எது என்ற பேச்சு எழுந்தது. மாதந்தோறும் முதுகுவலிக்கு மருத்துவரைக் காணப் பாளையங்கோட்டை வரை செல்லும் என் உம்மாவுக்கு அலுங்காத வண்டி வேண்டும். கோயம்புத்தூரில் பொறியாளராகப் பணிபுரியும் என் மகனுக்கோ வேகம் வேண்டும். ‘வாப்பா, ஒரு வண்டிதான் வாங்கப் போகிறோம். அது உயிருள்ள வண்டியாக இருக்கட்டுமே’ என்றான். வாங்கியபின் என்னென்ன மாற்றங்கள் செய்யலாம் என்று ஒரு பட்டியலும் வைத்திருந்தான். எஞ்சின் கணினியின் கட்டளைகளைத் திருத்துதல், காற்று வடிகட்டியை மாற்றுதல், வண்டியைத் தாழ்த்துதல், அகன்ற சக்கரம் பூட்டுதல் எனப் பட்டியல் நீண்டது.

வேகத்தை விரும்புவது இளமையின் குற்றம் என்று நான் கருதவில்லை. பந்தயக் காளையின் நெற்றியில் சந்தனம் தடவி மகிழ்ந்த மண் இது. எனினும் அந்தப் பட்டியலை வாசித்தபோது என் நெஞ்சில் ஓர் அச்சம் எழுந்தது. வருகைப் பதிவேட்டில் ஒரு மாணவரின் பெயருக்கு நேரே கோடிட நேர்ந்த ஆசிரியர்க்கு அந்த அச்சம் புரியும். நான்குவழிச் சாலையில் ஓர் இரவில் போன உயிர் அது. 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டனர் என்பது நடுவண் அரசின் கணக்கு. அவ்வாண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் நம் தமிழகத்துக்கே, 64,105 விபத்துகள். மாண்டோரில் பத்தில் ஏழு பேர் மிகைவேகத்தால் மாண்டவர்கள். உயிர் ஓர் அமானிதம் என்று நம் வீடுகளில் சொல்வர். ஆகவே ‘வேண்டாம்’ என்று ஒரு சொல்லில் முடித்துவிடாமல், அவன் பட்டியலை ஒவ்வொன்றாக எடுத்து இந்த மண்ணில் வைத்துப் பார்ப்பது என்று இருவரும் முடிவு செய்தோம்.

முதலில் வண்டியைத் தாழ்த்துதல். தாழ்ந்த வண்டி வளைவில் சாயாமல் செல்லும் என்பது மெய்யே. ஆனால் கரிசல் மண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். அதன்மேல் போட்ட சாலையும் மண்ணோடு சேர்ந்து ஏறி இறங்கும். நாகலாபுரம், புதூர்ப் பக்கத்துக் கிராமச் சாலைகளில் செல்பவர்கள் இதனைத் தம் இடுப்பெலும்பால் அறிவர். அறுவடைக் காலத்தில் உளுந்தையும் கம்பையும் சாலையிலேயே காயப்போடுவதும் இங்கு வழக்கம். தாழ்ந்த வண்டியின் அடியில் சிக்கும் சருகு, சூடான புகைக்குழாயில் பட்டால் தீப்பற்றும். ஐப்பசி கார்த்திகையில் டிராக்டர் சக்கரங்கள் வயற்சேற்றைத் தார்ச்சாலைக்குக் கொணர்ந்து பூசிவிட்டுச் செல்லும்; அது விளக்கெண்ணெய் தடவியது போல வழுக்கும். இச்சாலையில் வண்டியைத் தாழ்த்துவது சேற்று வயலுக்குப் பந்தயக் காளையை ஓட்டிச் செல்வதை ஒக்கும்.

அடுத்தது காற்று வடிகட்டி. கூடில்லாத திறந்த வடிகட்டியைப் பொருத்தினால் எஞ்சின் எளிதாக மூச்சு விடும், இனிய ஒலியும் எழும் என்பர். ஆனால் அது இழுப்பது பெரும்பாலும் எஞ்சின் அறையின் சூடான காற்றையே. சூடான காற்று அடர்த்தி குறைந்தது. அதனால் வலு கூடுவதற்கு மாறாகக் குறையவும் கூடும். கோடையில் கண்ணுக்குத் தெரியாமல் பறக்கும் கரிசல் புழுதிக்கு நிறுவனம் தந்த வடிகட்டியே தக்க காவல்.

மூன்றாவது, எஞ்சின் கணினியைத் திருத்துதல். இன்றைய வேக வண்டிகளில் டர்போ என்னும் கருவி உண்டு. வெளியேறும் புகையின் விசையால் ஒரு சிறு விசிறி சுழன்று, காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும். காற்று மிகுந்தால் எரிபொருளும் மிகும், வலுவும் மிகும். எவ்வளவு அழுத்தம், எவ்வளவு எரிபொருள், எந்நொடியில் தீப்பொறி என்பதைக் கணினியே முடிவு செய்கிறது. அக்கட்டளையைத் திருத்தினால் வலு கூடும் என்பதில் ஐயமில்லை. ஆனால் நிறுவனம் அவ்வலுவை முழுவதும் தராமல் வைத்திருப்பது கஞ்சத்தனத்தால் அன்று. தரம் குறைந்த எரிபொருள், சித்திரை வெயில், முழுச்சுமை, தேய்ந்த கிளட்ச் ஆகிய அனைத்தையும் எண்ணி வைத்த சேமிப்பு அது. விதைநெல்லை விற்றுத் திருவிழாச் சட்டை வாங்கலாம். பிறகு விதைப்பதற்கு என்ன இருக்கும்?

சட்டமும் இங்கே குறுக்கிடுகிறது. பதிவுச் சான்றிலுள்ள அடிப்படை விவரங்கள் தயாரிப்பாளர் வகுத்த அமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 சனவரியில் கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளர்க்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்க இடம் தருகிறது. தெரிவிக்காமல் செய்த மாற்றத்தைக் காரணங்காட்டிக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கவும் கூடும்.

எட்டயபுரம் சாலையில் பட்டறை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவரிடம் இப்பட்டியலைக் காட்டினோம். படித்துவிட்டு, ‘எஞ்சினைக் கூட்டுறது லேசு தம்பி. கூட்டுனதை நிப்பாட்டணும்லா?’ என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் இயற்பியல் முழுதும் அடங்கியிருந்தது. 80 கிலோமீட்டர் வேகத்தை 120 ஆக்கினால் வேகம் ஒன்றரை மடங்குதான். ஆனால் பிரேக் அடக்க வேண்டிய ஆற்றல் இரண்டேகால் மடங்காகிவிடும். 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒரு நொடி எடுத்துக்கொண்டால், அந்த ஒரு நொடிக்குள் வண்டி ஏறத்தாழ 28 மீட்டர் ஓடிவிடும்.

அவ்வாறாயின் மாற்றம் என்பதே கூடாதா? கூடும், அறிந்தோர் அளந்து செய்த மாற்றம் கூடும். அதற்குச் சான்று தேடி நாங்கள் வெளிநாடு செல்லவேண்டியதில்லை. மகன் பணிபுரியும் கோயம்புத்தூரே போதும். அவ்வூர்த் தொழிலதிபர் எஸ். கரிவரதன் 1980களின் பிற்பகுதியில் மாருதி 800 எஞ்சினைக் கொண்டு ஃபார்முலா மாருதி என்னும் ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியை உருவாக்கினார். குடும்ப வண்டியின் எஞ்சினை வைத்தே இந்திய இளைஞர்க்குப் பந்தயக் கல்வி தந்தவர் அவர். அத்தகைய வண்டியில் தொடங்கிய நரேன் கார்த்திகேயன், 2005இல் ஃபார்முலா ஒன்று பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். 1995இல் விமான விபத்தில் மறைந்த கரிவரதனின் பெயரைக் கோவை செட்டிபாளையத்துப் பந்தயத் தளம் இன்றும் தாங்கி நிற்கிறது.

அதே கோவையின் ஜெயேம் நிறுவனம் டாடா மோட்டார்ஸுடன் கைகோத்து, 2018 அக்டோபரில் டியாகோ ஜே.டி.பி. என்னும் வண்டியை வெளியிட்டது. சாதாரண டியாகோவின் 85 குதிரைத்திறன் இதில் 114 ஆயிற்று. ஆனால் அவர்கள் எஞ்சினோடு நிற்கவில்லை. கியர் விகிதங்களை மாற்றினர், சுருள்வில்லை இறுக்கினர், 15 அங்குலச் சக்கரத்தில் அகன்ற டயர் பூட்டினர். வண்டியைத் தாழ்த்தவும் செய்தனர், எவ்வளவு தெரியுமா? நான்கே மில்லிமீட்டர்! 170 மில்லிமீட்டர் தரை இடைவெளி 166 ஆயிற்று. ஒன்றை மாற்றினால் அதனோடு தொடர்புடைய அனைத்தையும் மாற்ற வேண்டும், வண்டி ஓடப்போகும் சாலையை மறந்து எதையும் மாற்றக்கூடாது என்ற இரண்டு பாடங்களும் அந்த நான்கு மில்லிமீட்டரில் உள்ளன. 6.39 இலட்சம் ரூபாயில் விலை தொடங்கிய அவ்வண்டி, புதிய புகைவிதிகள் வந்த 2020இல் நின்றுபோனது.

எங்கள் ஆய்வில் வேறு வண்டிகளும் இடம்பெற்றன. போலோ ஜி.டி. நன்றாக ஓடும், ஆயின் 2022இல் போலோ இந்தியாவில் விடைபெற்றுவிட்டது, அதன் தானியங்கிக் கியர்ப்பெட்டி பழுதுபட்டால் செலவு மிகுதி. 2021இல் வந்த ஹூண்டாய் ஐ20 என் லைன் 120 குதிரைத்திறன் கொண்டது. 2024 ஜூனில் வந்த டாடா அல்ட்ரோஸ் ரேசரும் அதே திறனுடையது. இரண்டும் எங்கள் கைக்குச் சற்று எட்டாதவை. 2025இல் இறக்குமதியாகி வந்தபோது கோல்ஃப் ஜி.டி.ஐ.யின் விலையோ 53 இலட்சமாக இருந்தது. அதனைப் படத்தில் கண்டு மகிழ்ந்தோம்! இறுதியில் கோவையில் ஒருவர் பேணி ஓட்டிய 2019ஆம் ஆண்டு டியாகோ ஜே.டி.பி.யை வாங்கினோம். அரிதான வண்டி ஆதலால் சில உதிரிப் பாகங்களுக்குக் காத்திருக்க நேரும் என்பதை அறிந்தே வாங்கினோம்.

அதன்பின் நாங்கள் செய்த மாற்றங்கள் சில. டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கங்களைப் பார்த்தோம். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது என்பது பொருள். பூப்பு தேயாவிடினும் இரப்பர் முதிர்ந்து இறுகிவிடும். ஆகவே நிறுவனம் விதித்த அதே அளவில் நான்கு புதிய டயர்கள் வாங்கினோம். பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் ஏறினால் கொதிநிலை இறங்கி, அவசர வேளையில் பிரேக் மிதி பஞ்சுபோல் அமுங்கும். அதனை மாற்றினோம். முகப்பு விளக்கின் கோணத்தைச் சரிசெய்தோம். காற்று வடிகட்டியைக் குறித்த காலத்துக்கு முன்பே தூய்மை செய்வதென வைத்துக்கொண்டோம். உம்மா பின்னிருக்கையில் அமர்ந்து பாளையங்கோட்டை சென்று வந்து, ‘கொஞ்சம் இறுக்கமாத்தான் இருக்கு, ஆனா தூக்கிப் போடல’ என்று சான்று வழங்கினார்கள். வேகத்தின் சுவையை முழுமையாக அறிய விரும்பினால் செட்டிபாளையம் போன்ற தளத்தில், தலைக்கவசத்துடன், பயிற்றுநரிடம் பழகலாம் என்பதை மகனும் ஏற்றுக்கொண்டான். எதிரே கன்றுக்குட்டியோ பள்ளிக் குழந்தையோ வாராத இடம் அது ஒன்றே.

மாணவ நண்பர்களே! வேகத்தை விரும்புங்கள், ஆனால் அதனை நிறுத்தும் திறனை முதலில் விலைக்கு வாங்குங்கள். ஆயிரம் ரூபாய் கையில் இருந்தால் ஒலி எழுப்பும் குழாயைவிடப் பிரேக்குக்கும் டயருக்கும் அதனைச் செலவிடுங்கள். பெரியோர்களே! பிள்ளைகளின் ஆசையை அதட்டி அடக்கினால் அது பின்வாசல் வழியாகச் சென்று, பெயர் தெரியாத பட்டறையில் இரவோடிரவாக நிறைவேறும். அவர்களுடன் அமர்ந்து அந்தப் பட்டியலை வாசியுங்கள். ஒரு சோடி மாட்டு வீட்டில் அந்தச் சோடியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு தந்தைக்கும் மகனுக்கும் பொதுவானது. அது பாதுகாப்பாகத் தொழுவம் திரும்பவேண்டும் என்ற கவலை வீடு முழுமைக்கும் பொதுவானது.