கைக்குத் தெரிய வேண்டியது

2019-இல் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் வந்தபோது அதன் 32ஆவது பிரிவை எதிர்த்து டாக்டர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். எம்.பி.பி.எஸ். படிக்காதவர்களும் ஓர் அளவுக்குள் மருந்து எழுத உரிமம் பெறலாம் என்கிறது அந்தப் பிரிவு. போலி டாக்டர்களுக்குச் சட்டமே கதவைத் திறந்துவிடுகிறது என்றார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் எனக்குத் தெரிந்த ஒரு டாக்டர், "இனிமே நர்சம்மாவும் டாக்டரம்மாதான்" என்று என் முகத்துக்கு நேரே சொல்லிச் சிரித்தார். அவரிடம் நான் அனுப்பிவைத்த கர்ப்பிணிகளின் சீட்டில் என்ன எழுதியிருந்தேன் என்று அவர் ஒருநாளும் படித்ததில்லை.

நான் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு ஐயாயிரம் பேர், மலைப்பகுதி என்றால் மூவாயிரம் பேர் என்பது அரசாங்கக் கணக்கு. அத்தனை பேருக்கும் முதலில் கண்ணில் படுகிற மருத்துவத் துறை நாங்கள்தான். டாக்டர் இடத்தில் உட்கார நாங்கள் ஆசைப்பட்டதில்லை. யார் டாக்டரிடம் போக வேண்டும், நாளைக்குப் போனால் போதுமா, இப்போதே கிளம்ப வேண்டுமா என்று முடிவு செய்வதுதான் எங்கள் தொழில். அதற்குப் பட்டமும் கிடையாது, கைதட்டலும் கிடையாது.

ஏ.என்.எம். பள்ளியில் படித்ததை எனக்குக் கையில் ஏற்றியவர் முதல் பணியிடத்தில் இருந்த சமுதாய சுகாதார செவிலியர். மாமியாரே தேவலை என்று தோன்றும், அவ்வளவு கடுமை. கர்ப்பிணியைப் படுக்கவைத்ததுமே, "ஒண்ணுக்குப் போயிட்டு வரச் சொன்னியா?" என்பார். சொல்லியிருக்காவிட்டால் அந்தப் பெண்ணை எழுப்பி அனுப்பிவிட்டு என்னை நிற்கவைத்துவிடுவார். மூத்திரப்பை நிறைந்திருந்தால் கருப்பையின் லெவலை ஏற்றிக் காட்டும், அமுக்கும்போது வலிக்கவும் செய்யும். பிறகு கையை உரசிச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். சில்லிட்ட கை பட்டால் வயிறு கல்லாகிவிடும். அப்புறம் ஒன்றும் பிடிபடாது.

மேலே இருப்பது தலையா, புட்டமா? இரண்டு கைக்கு நடுவில் லேசாகத் தட்டினால் தலை தனியாக ஆடும். புட்டம் ஆடினால் உடம்பும் சேர்ந்து நகரும். இதைப் புத்தகத்தில் ஒரு வரியில் படித்துவிடலாம், கைக்குத் தெரிய மாதக்கணக்காகும். அந்தச் செவிலியர் அம்மா சும்மா விடமாட்டார். முதுகு எந்தப் பக்கம் என்று சொல்லி, குழந்தையின் இதயத் துடிப்பு எங்கே கேட்கும் என்று விரல் வைத்துக் காட்டினால்தான் ஃபீட்டோஸ்கோப்பைக் கையில் தருவார். கேட்கும்போது இன்னொரு கை தாயின் நாடியில் இருக்க வேண்டும். இல்லையென்றால் தாயின் துடிப்பையே எண்ணிவிட்டுக் குழந்தை என்று எழுதிவிடுவோம். தொப்புளுக்குக் கீழே தேடியது மேலே கேட்டால், "திரும்பத் தொட்டுப் பாரு" என்பார். பெரும்பாலும் குழந்தை தலைகீழாக இருக்காது.

கால் வீக்கம்தான் படாதபாடு படுத்தும். ஏழு, எட்டு மாதத்தில் பாதிப் பேருக்குக் கால் வீங்கத்தான் செய்யும். எல்லாரையும் அனுப்பினால் ஆஸ்பத்திரியில் திட்டுவார்கள். ஒருத்தியை விட்டுவிட்டால் ஜன்னி வந்துவிடும். அம்மா காலை அமுக்குவதோடு நிறுத்தமாட்டார். மெட்டி கழற்ற முடிகிறதா, கொலுசு பதிந்த தடம் எவ்வளவு ஆழம், காலையில் எழும்போதே முகம் உப்பியிருக்கிறதா என்று கேட்பார். பி.பி. பார்த்த கையோடு ஆல்புமின். சோதனைக் குழாயின் அடியைப் பிடித்துக்கொண்டு மேல் பாதியை மட்டும் ஸ்பிரிட் விளக்கில் காட்ட வேண்டும். கலங்கினால் இரண்டு சொட்டு அசிட்டிக் அமிலம். தெளிந்துவிட்டால் பாஸ்பேட், பயமில்லை. கலங்கல் அப்படியே நின்றால் உடனே வண்டி பார்க்க வேண்டும். 108 வராத காலத்தில் அது பால் வண்டியாகவும் இருக்கும். பின்னாளில் ஜன்னிக்கான மேக்சல்ஃப் (மக்னீசியம் சல்ஃபேட்) ஊசியின் முதல் டோஸை, புட்டத்துக்கு ஐந்து கிராமாகப் பத்து கிராம், நாங்களே போட்டு அனுப்பலாம் என்று மத்திய அரசின் வழிகாட்டு நெறியே சொன்னது. அதைப் படித்த அன்று பெருமையாகத்தான் இருந்தது.

இப்போது இடைநிலை சுகாதாரப் பணியாளர்கள் வந்திருக்கிறார்கள். செவிலியர் படிப்புக்கு மேல் ஆறு மாதச் சான்றிதழ். சர்க்கரை, ரத்த அழுத்த மருந்துகளைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்த பிள்ளைகள், அதில் சந்தேகமில்லை. ஆனால் வயிற்றைத் தொடச் சொன்னால், "ஸ்கேன் எடுத்திருக்காங்களே மேடம்" என்கிறார்கள். ஐந்தாம் மாத ஸ்கேன் ஒன்பதாம் மாதக் குழந்தை எப்படிக் கிடக்கிறது என்று சொல்லுமா? ஒரு கண் டேப்லெட்டில்தான். கர்ப்பிணிகளைப் பதிவு செய்யும் பிக்மி தளத்தில் ஏற்றவில்லையென்றால் மேலிருந்து போன் வரும். வயிற்றைத் தொடவில்லையென்றால் யாரும் கேட்கமாட்டார்கள். பிள்ளைகளைக் குற்றம் சொல்லி என்ன செய்வது?

டாக்டர்களிடமும் ஒரு கேள்வி உண்டு. 1946-இல் நாட்டின் சுகாதாரத்தை ஆராய்ந்த போர் (Bhore) குழு, எல்.எம்.பி. போன்ற குறுகிய படிப்புகள் வேண்டாம், நாடு முழுக்க ஒரே தரத்தில் டாக்டர் போதும் என்றது. நம் ராயபுரம் ஸ்டான்லியே ஒரு காலத்தில் எல்.எம்.பி. பள்ளிதான், 1938-இல்தான் கல்லூரியானது. சரி, தரம் உயர்ந்தது, நல்லதுதான். அந்த ஒரே தர டாக்டருக்குத் துணை சுகாதார நிலையத்தில் எங்கே இடம் போட்டார்கள்? நாற்காலி காலியாக இருந்த இடத்தில்தான் நாங்கள் நின்றோம். அப்போது யாரும் வேலைநிறுத்தம் செய்யவில்லை.

2019 சட்டமும் ஒன்றும் முழுதாகச் சொல்லிவிடவில்லை. இப்படி உரிமம் பெறுவோர், பதிவு பெற்ற டாக்டர்களின் எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு போட்டது. தகுதியை விதிமுறைகள் சொல்லட்டும் என்று விட்டுவிட்டது. யார் பக்கத்தில் நின்று எத்தனை வயிறு தொட்டுக் கற்க வேண்டும் என்ற பேச்சே அதில் இல்லை.

ஃபீட்டோஸ்கோப்பில் கேட்டுப் பழகியவர்கள் மாவட்டந்தோறும் வரிசையாக ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறோம். புதிதாக வரும் பிள்ளைகளை, சான்றிதழ் தருவதற்கு முன்னால், டேப்லெட் இல்லாமல் ஆறு மாதம் எங்களோடு அனுப்புங்கள். சம்பளம்கூட வேண்டாம், பேருந்துச் செலவு கொடுத்தால் போதும்.