கடல் பிரித்ததும் கைகள் பிரித்ததும்

நாற்புறமும் நீராற் சூழப்பட்ட நிலம் தீவு எனப் பள்ளிப் பாடநூல் கூறும். யாழ்ப்பாணத்துத் தீவகத்திற் பிறந்து வளர்ந்தோர்க்கு இவ்வரைவிலக்கணம் நிறைவு தருவதில்லை. மண்டைதீவும் வேலணையும் புங்குடுதீவும் தாம்போதிகளாற் குடாநாட்டோடு பிணைக்கப்பட்டுள்ளன. ஊர்காவற்றுறையிலிருந்து காரைநகருக்குப் பாதையேறிக் கடக்கலாம். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் செல்வோரோ குறிகட்டுவான் துறையிற் படகுக்குக் காத்திருத்தல் வேண்டும். கடல் சினந்த நாளிற் படகு ஓடாது. அன்று நோயாளியின் மருந்தும் மாணவனின் பரீட்சையும் மணப்பேச்சும் கரையிலேயே நின்றுவிடும். ஆதலினாற் கடக்க இயலுமா என்பதைக் கொண்டே தீவார் தூரத்தை அளப்பர்.

உயிரியலாரின் அளவையும் இதுவே. ஓர் உயிரினம் எளிதிற் கடந்து வெளியேற இயலாத வாழிடம் எதுவாயினும் அவர்களுக்கு அது தீவுதான். மலையுச்சிக் காடும், வயல்களிடையே எஞ்சிய பற்றையும் இவ்வகையில் தீவுகளே. நெடுந்தீவுக்கும் இராமேசுவரத்துக்கும் இடைப்பட்ட கடல் 50 கிலோமீற்றருக்கும் குறைந்தது. வடபுலத்திலிருந்து வலசை வரும் கடற்பறவைகளுக்கு அது ஒரு பொருட்டன்று. கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர் மன்னாரிற் செய்மதிக் கருவி பூட்டி விடுத்த ‘மேகா’ என்னும் கடற்காகம் 2021 ஆம் ஆண்டில் இரசியாவின் ஆர்க்டிக் கரைவரை பறந்து சென்றது. அதே கடல் கௌதாரிக்குத் தாண்டவியலா மதிலாகும். கௌதாரி ஓடித் தப்பவே விரும்பும். வேறு வழியற்ற பொழுதே பறக்கும். பறந்தாலும் சிறிது தூரத்தில் இறங்கிவிடும். உலகளவில் அது அருகிவரும் இனமன்று. ஆயினும் இலங்கையில் யாழ்ப்பாணம், மன்னார், புத்தளம் ஆகிய வறண்ட பகுதிகளையொட்டியே அது வாழ்கின்றது. பனிக்கட்டி ஊழியிற் கடல்மட்டம் இன்றையதினும் 100 மீற்றருக்கு மேல் தாழ்ந்திருந்தபோது பாக்குநீரிணை உலர்நிலமாயிருந்தது. அந்நிலம் மூழ்கிச் சில ஆயிரம் ஆண்டுகளே கழிந்துள்ளன. அக்கரைக் கௌதாரியும் இக்கரைக் கௌதாரியும் ஓரினமே. ஆயினும் போக்குவரவு அற்ற உறவினர்.

இங்ஙனம் உறவு அறுதலால் விளையும் கேடு யாது? குடித்தொகை பெரிதாயிருக்கும்வரை கேடு வெளித்தோன்றாது. சிறுத்துவிடின், தலைமுறைதோறும் சில பரம்பரையலகுகள் தற்செயலாகவே இழக்கப்படும். நெருங்கிய உறவுடைய பறவைகளே துணையாக நேரும். மறைந்து கிடந்த குறைபாடுகள் தாய்வழியும் தந்தைவழியும் ஒருங்கே வந்து வெளிப்படும். முட்டைகள் கூமுட்டையாகும், குஞ்சுகள் நலியும், புதிய நோயை எதிர்க்கும் ஆற்றல் குன்றும். தலைமுறைக்கு ஓரிரு பறவைகளேனும் வெளியிலிருந்து வந்து கலக்குமாயின் இக்கேடு பெரிதும் தணியும் என்பர் பிறப்புரிமையியலார்.

அமெரிக்காவின் இலினோயிஸ் மாநிலத்துப் புல்வெளிக் கோழி இதற்குச் சான்று. 1962 இல் அங்கு ஏறத்தாழ 2,000 ஆக இருந்த அதன் தொகை 1994 இல் 50 இற்கும் கீழே வீழ்ந்தது. புல்வெளியைச் சீர்செய்தும் பயனில்லை. முட்டைகள் பொரிப்பது குறைந்துகொண்டே சென்றது. 1992 முதல் மினசோட்டா, கன்சாஸ், நெபிராஸ்கா ஆகிய மாநிலங்களிலிருந்து 271 பறவைகள் கொணரப்பட்டன. பொரிக்கும் திறன் மீண்டது. ஆயினும் கதை அங்கு முடியவில்லை. சுற்றியிருந்த வேளாண் நிலம் விரியாத புல்வெளியைத் தீவாகவே வைத்திருந்தமையால் தொகை மறுபடியும் தளர்ந்தது. 2014 இல் மீண்டும் கன்சாஸிலிருந்து பறவைகளைக் கொணர வேண்டியதாயிற்று. வழி திறக்கப்படாதவிடத்துப் புதிய குருதி ஒரு தவணை மருந்தாகவே அமையும்.

ஆயின், பிரிந்தவற்றையெல்லாம் சேர்த்துவிடுதல் தகுமா? தென்னிந்திய மலைகளின் சோலைக்கிளி இவ்வினாவிற்கு விடை தருகின்றது. பெயரிற் கிளியேயன்றி இது நிலத்தோடொட்டி இரைதேடும் சிறு நீலப் பறவை. உயர்மலைச் சோலைகளை விட்டு இறங்காதது. 2010 இல் வெளியான மரபணு ஆய்வொன்று, பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே வாழ்வனவும் தெற்கே வாழ்வனவும் மிகத் தொன்மையான காலத்திலேயே பிரிந்துவிட்டன எனக் காட்டியது. இன்று நீலகிரியிலுள்ளது ஓரினமாகவும், பழனி, ஆனைமலைப் பக்கத்தது மற்றோர் இனமாகவும் கொள்ளப்படுகின்றன. அக்கணவாயின் இருபுறத்தையும் கலந்துவிட்டால் இயற்கை நெடுங்காலம் உழைத்து ஆக்கிய வேறுபாடு அழியும். ஆனால் அதே மலைகளில், அண்மைக்காலத்தில் மனிதன் துண்டாடிய சோலைகளுக்கிடையேயும் பரம்பரைத் தொடர்பு குன்றிவருவதைப் பின்வந்த ஆய்வு புலப்படுத்தியது. முதலாவது பிரிவு மதிக்கத்தக்கது. இரண்டாவது பிரிவு சரிசெய்யத்தக்கது. இவ்விரண்டையும் வேறுபிரித்தறிவதே பாதுகாப்பின் முதற்பாடம்.

இப்பாடத்தைக் காலந்தாழ்த்திக் கற்பதன் விலையைக் கானமயில் காட்டுகின்றது. தமிழ்நாடு உட்பட இந்தியாவின் பல மாநிலங்களில் திரிந்த இப்பெரும்பறவை 1969 இல் ஏறத்தாழ 1,260 என மதிப்பிடப்பட்டது. இன்று 150 இற்கும் குறைவாகவே எஞ்சியுள்ளது. அதிலும் பெரும்பகுதி இராசத்தானில். குசராத்தின் கச்சுப் பகுதியில் ஆண் பறவையே இன்றிச் சில பெண் பறவைகள் மட்டும் தனித்து நிற்கும் நிலை உண்டாயிற்று. உடல் கனத்த இப்பறவைக்கு நேரெதிரே தோன்றும் கம்பி எளிதிற் புலப்படாது; மின்கம்பிகளில் மோதி மடிதல் அதன் அழிவுக்குரிய முதன்மைக் காரணங்களுள் ஒன்று. 2024 ஒக்டோபரில், இராம்தேவராவிலிருந்த ஆணின் விந்தை ஏறத்தாழ 200 கிலோமீற்றர் கொண்டுசென்று சுதாசரியிலிருந்த பெண்ணுக்குச் செயற்கை முறையிற் செலுத்தி ஒரு குஞ்சு பெறப்பட்டது. ஆய்வாளரின் திறமை பாராட்டத்தக்கதே. எனினும் முன்னொரு காலத்தில் இரு சிறகுகள் தாமே செய்த பணியை இன்று ஊர்தியும் ஆய்வுகூடமும் செய்ய நேர்ந்துள்ளது.

இவ்வெளிச்சத்தில் தீவகத்தை நோக்குதல் நன்று. இராமேசுவரத்துக் கௌதாரியைக் கூட்டிலடைத்து இக்கரை சேர்க்க வேண்டியதில்லை; கடல் பிரித்ததைக் கடலுக்கே விட்டுவிடலாம். பனங்கூடலை வெட்டி வெளியாக்குவதும், குளக்கரைப் புதரை எரிப்பதும், கண்ணி வைப்பதும் மனிதக் கைகளின் செயல்கள். நெடுந்தீவில் 2015 இல் 1,846 ஹெக்டேயர் தேசியப் பூங்காவாகப் பிரகடனம் பெற்றது. அந்நிய ஆட்சிக் காலத்து மந்தைகளின் வழிவந்த காட்டுக்குதிரைகள் அத்தீவின் புகழ். பூங்காவின் எல்லைக்கோடு உள்ளிருப்பவற்றைக் காக்கும்; உள்ளும் புறமும் இணைப்பவை பவளக்கல் வேலியோரப் பற்றைகளும் ஊர்ப் பொதுவெளிகளுமே. அவற்றை எந்த வர்த்தமானியும் பெயர் சொல்லிக் குறிப்பதில்லை.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றிற் சூரிய ஒளியாலும் காற்றாலும் மின்சாரம் ஆக்குவதற்கு 2024 மார்ச்சில் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. தீவாரின் மின்சாரத் தேவை நியாயமானது. 1990, 1991 ஆம் ஆண்டுகளிற் போரினால் இம்மக்கள் பெருந்தொகையாகப் பெயர்ந்தனர். எஞ்சிய சிலரைக் கொண்டு பாடசாலையும் திருவிழாவும் நடத்துவதன் அருமை, திரும்பிவந்தோர் அறிந்ததே. ஒளியும் போக்குவரத்தும் இல்லாத ஊருக்கு இளையோர் மீளார். ஆகவே கம்பி வேண்டாம் என்பது பொருந்தாது. கம்பி எவ்வழி செல்லும், காற்றாலை எங்கு நிற்கும், அவ்விடத்தை எப்பறவை எப்பருவத்திற் கடக்கும் என்பவற்றை நடுவதற்கு முன்னரே கேட்டல் பொருந்தும். கானமயிலுக்காக இக்கேள்வி பெரும்பாலும் கம்பி கட்டிய பின்னரே எழுந்தது.

கேட்பதற்கு முதலில் அறிதல் வேண்டும். வீதியின் இருபுறமும் விடியலிற் கௌதாரியின் குரலை எண்ணிக் குறிப்பதற்கு விலைமிக்க கருவி எதுவும் வேண்டியதில்லை. பற்றையடியில் உதிர்ந்து கிடக்கும் இறகின் அடித்தண்டிலிருந்தே, பறவையைப் பிடிக்காமல், அதன் பரம்பரைச் செய்தியைப் பெறலாம். எந்தப் பற்றைக்கும் எந்தப் பற்றைக்கும் இடையே உறவு அறுந்துள்ளது என்பதை அவ்விறகுகள் சொல்லும். குறிகட்டுவானிற் படகுக்குக் காத்திருந்து படிக்க வந்த மாணவருக்கு அச்செய்தியின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை.