முறிந்த காலும் நாகரிக உடையும்

உடை என்றதும் எம்மவரிற் பெரும்பாலோர் இரண்டு பயன்களையே கருதுகின்றனர். மானத்தைக் காப்பது ஒன்று. மதிப்பைக் காட்டுவது மற்றொன்று. உடலுக்கு உதவுவது என்னும் மூன்றாவது பயனும் உடைக்கு உண்டென்பதை, நல்ல உடலோடு நடமாடும் காலத்தில் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. எலும்பொன்று முறிந்துவிட்டால் அவ்வெண்ணம் தானாகவே வந்து சேருகின்றது.

படுவான்கரைக் கிராமமொன்றில் ஆசிரியத் தொழில் செய்துவந்த நாம், ஒரு மாரிகாலத்தில் வயலோரப் பாதையில் சைக்கிளோடு சறுக்கி விழுந்து இடக்காலின் எலும்பை முறித்துக்கொண்டோம். பாதம் முதல் தொடைவரை பிளாஸ்டர் கட்டு. முதற் சில நாட்களில் வலியே பெரிதாயிருந்தது. வலி தணிந்தபின் உடை பெரிய பிரச்சினையாயிற்று. எமது காற்சட்டைகளில் ஒன்றேனும் அக்கட்டின்மேல் ஏறவில்லை.

அந்நிலையில் எமக்குத் துணைநின்றது சாரம். மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடப்பது. அதன் தெற்குப் பக்கத்தில், கல்முனைக்கு அணித்தாயுள்ள மருதமுனை, கைத்தறி நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். 1961 ஆம் ஆண்டில் அம்பாறை தனி மாவட்டமானபோது அவ்வூர் அம்மாவட்டத்துட் சேர்ந்தது. ஆயினும் அதன் சாரங்களுக்கு மாவட்ட எல்லையுமில்லை, சமய எல்லையுமில்லை. தமிழர் வீட்டிலும் முஸ்லிம்கள் வீட்டிலும் அவை ஒன்றுபோலவே உடுக்கப்படுகின்றன.

இரு முனைகளையும் இணைத்துத் தைத்த உருளைதான் சாரம். காலைத் தூக்க இயலாதவன் அதனைத் தலைவழியே போட்டுக்கொள்ளலாம். வீக்கம் கூடினும் குறையினும் அது இடங்கொடுக்கும். மருத்துவர் காலைப் பார்க்க விரும்பின் சற்றே உயர்த்தினாற் போதும். ஒன்றை மாத்திரம் கவனிக்க வேண்டும்: ஊன்றுகோலோடு நடப்பவர் கணுக்காலுக்கு மேலே உயர்த்திக் கட்டவேண்டும், தவறினால் ஊன்றுகோலின் நுனி விளிம்பில் மாட்டி இரண்டாவது முறையும் விழ நேரிடும்.

நாம் புதிதாய் இரண்டு சாரங்களும், அவற்றின் நிறத்துக்கு இசைந்த சட்டைகளும் வாங்குவித்தோம். “படுத்துக் கிடக்கிற புள்ளைக்குப் புதுச்சாரம் எதுக்கு, தம்பி?” என்று எமது தமக்கையார் கேட்டார். எமது சமூகத்தின் கேள்வியும் அதுவே. வீட்டிலுள்ள பழந்துணி எல்லாம் நோயாளிக்கு ஒதுக்கப்படுகின்றது. ஆனால் எம்மைப் பார்க்க நாள்தோறும் மாணவர் வந்தனர். கிழிந்த துணியோடு அவர்முன் கிடக்க எமது மனம் ஒப்பவில்லை. துவைத்து மடித்த சாரத்தை உடுத்து, தலைவாரி, நாற்காலியில் அமர்ந்த நாளிலேதான் நாம் மீண்டும் ஆசிரியராயினோம். இதனை ஆடம்பரம் என்று எவர் கூறுவர்?

ஊன்றுகோலோடு வேலைக்குத் திரும்பியபோது, சாரம் வீட்டுடை என்றும் பாடசாலைக்கு ஆகாதென்றும் மேலதிகாரி ஒருவர் அறிவித்தார். காத்தான்குடித் தையற்காரர் ஒருவர் எமக்கு வழி செய்தார். காற்சட்டையின் வெளிப்புறத் தையலைத் தொடைவரை பிரித்து, அழுத்துப் பொத்தான்கள் வைத்துக் கொடுத்தார். மூடினால் மற்றைய காற்சட்டைகளுக்கும் அதற்கும் வேற்றுமை தெரியவில்லை.

எமது சக ஆசிரியை ஒருவருக்கு இத்தகைய வழியும் கிட்டவில்லை. அவருக்கு முறிந்தது வலக்கை மணிக்கட்டு. காயமுற்ற கையைச் சட்டைக்குள் முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதனைக் கடைசியில் எடுக்க வேண்டும் என்பதை மருத்துவமனையிற் கற்றுக்கொடுத்தார்கள். ஆனால் அன்று அவர்முன் நின்றது சேலைச் சட்டம். ஆறு யார்ச் சேலை! அதனை ஒரு கையால் கொய்து செருகுவதை எவரும் கற்றுக்கொடுக்கவில்லை. நாள்தோறும் மகள் உடுத்திவிட, அம்மகள் பாடசாலைக்குப் பிந்தினாள். ஈற்றில் தாய் சம்பளமற்ற விடுமுறையில் வீட்டில் இருந்தார். பாடஞ் சொல்லும் வாய்க்கு ஒரு குறையும் நேரவில்லை என்பதை இங்கு நினைவூட்ட விரும்புகின்றோம்.

2022 நவம்பரில் ஆசிரியைகள் சிலர் சேலையல்லாத வசதியான உடையில் பாடசாலைக்கு வந்தபோது நாடெங்கும் பெரும் வாதம் எழுந்தது. பண்பாடு, ஒழுக்கம், முன்மாதிரி என்ற சொற்களெல்லாம் அவ்வாதத்தில் ஒலித்தன. நடைமுறையை மாற்றக் கல்வியமைச்சு உடன்படவில்லை. முறிந்த கையோடு காலையில் உடுத்த வேண்டியவளின் நிலையை அவ்வாதத்தில் எத்தனை பேர் எண்ணினர்?

வேறு வழி உலகில் இல்லாமலில்லை. 1950களில் நியூயோர்க்கில் ஹெலன் குக்மன் என்னும் உடை வடிவமைப்பாளர், மருத்துவர் ஹவார்ட் ரஸ்க்கின் மறுவாழ்வு நிலையத்தில் இத்துறையை ஆராய்ந்து, உடற்குறையுடையோர் தாமே உடுக்கக்கூடிய ஆடைகளை உருவாக்கினார். அவை பார்வைக்கு அக்கால நாகரிக உடைகளாகவே விளங்கின. எமக்கு அண்மையில், ஜெய்ப்பூரில், 1968 ஆம் ஆண்டளவில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் மருத்துவர் சேத்தியும் ஆக்கிய செயற்கைப் பாதம், சம்மணமிட்டு உட்காரவும் சப்பாத்தின்றி வயலில் நடக்கவும் இடங்கொடுத்தது. போரிற் காலிழந்த எம் நாட்டவரும் அதனை அணிந்தனர். இவ்விரண்டிலும் மனிதனின் உடலையும் வாழ்க்கையையும் பார்த்த பின்னரே பொருள் அமைக்கப்பட்டது. எமது உடை விதிகளோ, எவருக்கும் எக்காலத்தும் காயம் நேராதென்ற துணிவோடு எழுதப்பட்டுள்ளன.

எமக்குச் சாரம் நெய்து தந்தவனையும் இங்கு மறத்தலாகாது. தறியின் மிதிகளைக் கால்கள் மாறிமாறி மிதித்தாலன்றி பாவிழைகள் பிரியா, ஊடை ஓடாது. நெய்த அளவுக்கே கூலிபெறும் நெசவாளியின் கால் முறிந்தால், அவனுக்கு வசதியான உடை உண்டு. உலையில் இட அரிசி இராது. எனவே உடையைப் பற்றிய கோரிக்கை, காயமுற்ற தொழிலாளிக்குக் குணமாகும்வரை ஊதியம் என்ற கோரிக்கையோடு சேர்ந்தே எழவேண்டும்.

நாம் கேட்பது பெரிதன்று. காயமுற்றோர் குணமடையும்வரை தமக்கு ஏற்ற துப்புரவான உடையில் வேலைக்கு வரலாம் என்ற ஒரு வரி, எல்லாப் பாடசாலைகளின் விதிகளிலும் இடம்பெற வேண்டும். ஆசிரியர் சங்கங்கள் அடுத்த கூட்டத்திலேயே இதனைத் தீர்மானமாக்கட்டும். ஊன்றுகோலோடு சாரத்தில் வகுப்பறைக்குள் வரும் ஆசிரியரைக் கண்டு மாணவர் ஒழுக்கம் கெடமாட்டார். எழுந்து நாற்காலியை நகர்த்திக் கொடுப்பார்.