பட்டியலில் வராதது

போன கிழமை இரவு ஒரு வாட்ஸ்அப் செய்தி. என்னிடம் படித்து, இப்போது பொறியியல் பீடத்தில் முதலாம் வருடத்தில் இருக்கும் மகன் கேட்டிருந்தார்.

"சேர், மெட்லாப்ல மாணவருக்கு ஒரு கிளாஸ் எழுதினேன். பெயர், சுட்டெண், புள்ளி மூன்றும் போட்டிருக்கேன். புரொப்பர்ட்டீஸ் என்று அடிச்சா பெயரும் சுட்டெண்ணும்தான் வருது. புள்ளி எங்க சேர்?"

மெட்லாப் அணிகளை வைத்துக் கணக்குச் செய்யும் மொழி. 1970களின் பிற்பகுதியில் கிளீவ் மோலர் என்ற பேராசிரியர், தன் மாணவர்கள் போர்ட்ரான் படித்துக் கஷ்டப்படாமல் கணக்குச் செய்யட்டும் என்று உருவாக்கியது. ஒரு வாத்தியாரின் வேலை என்பதால் எனக்கு அதில் தனிப் பிரியம்.

கோடை அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். புள்ளியை 'பிரைவட்' என்ற பகுதிக்குள் எழுதியிருந்தார். புரொப்பர்ட்டீஸ் கட்டளை, வெளியாட்கள் பார்க்கலாம் என்று விட்டதை மட்டுமே பட்டியலிடும். செயல்களைக் காட்டும் மெதட்ஸ் கட்டளையும் அப்படித்தான். கிளாஸின் பெயருக்கு முன்னால் ஒரு கேள்விக்குறி போட்டு, அதன் புரொப்பர்ட்டி லிஸ்ட்டைத் திறந்தால் மறைந்திருப்பதன் பெயரும் வரும். பெயர் மட்டும்தான். உள்ளே இருக்கும் பெறுமதியை வெளியிலிருந்து வழமையான முறையில் வாசிக்க முடியாது.

இன்னொன்றும் சொன்னேன். டைனமிக்புரொப்ஸ் என்ற கிளாஸிலிருந்து நமது கிளாஸை உருவாக்கினால், ஒரேயொரு ஆப்ஜெக்டுக்கு மட்டும் புதிதாக ஒரு பண்பைச் சேர்க்கலாம். கிளாஸின் பெயரைக் கொடுத்துக் கேட்டால் அது வராது. அந்த ஆப்ஜெக்டையே கொடுத்துக் கேட்டால்தான் வரும்.

"ஓ சேர், மறைச்சு வச்சது நான்தான்" என்று சிரிப்புப் படம் அனுப்பினார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதே பிள்ளை பத்தாம் ஆண்டில் என் வகுப்பு. வரவு இடாப்பில் பாதி நாள் பிந்தி வந்ததாக இருக்கும். இடாப்பைப் பார்த்தே முன்னேற்ற அறிக்கையில் "படிப்பில் ஆர்வம் போதாது" என்று எழுதினேன். விடிய நாலு மணிக்கு வாப்பாவோடு மீன் ஏலத்துக்குப் போய், கூடை இறக்கிவிட்டுத்தான் பள்ளிக்கு வருகிறார் என்பது இரண்டு வருடம் கழித்து, அதுவும் வேறொருவர் சொல்லித்தான் தெரியும். நான் வகுப்பின் பட்டியலைப் பார்த்தேன். பிள்ளையிடம் கேட்கவில்லை.

அன்றிரவு அதையும் எழுதி, மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல சேர், நானும் சொல்லல்லதானே" என்றார்.

இந்த நாட்களில் தவணை அறிக்கை எழுதிக்கொண்டிருக்கும் ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிந்தி வரும் பிள்ளையைப் பற்றி எழுதுவதற்கு முன், ஒரு தடவை தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். சொல்லாவிட்டால் வற்புறுத்த வேண்டாம். ஏதோ இருக்கிறது என்று தெரிந்தாலே, எழுதும் கை கொஞ்சம் நிற்கும்.